சொற்குறிப்பின் பொறுப்பு

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விளக்கு வைத்த செய்தி வரும் இடங்களில் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் அடிக்கடி தென்படும். இரவும் பகலும் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். இதற்குச் 'சாகாத, மூப்படையாத, வளர்ந்த ஆடுகள்' என்று சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிவிடலாம். அதில் இலக்கணப் பிழை எதுவும் இருக்காது. ஆனால் சாகாத ஆடு உலகத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடு வாசகர் அங்கேயே நின்றுவிடுவார்.

அந்தத் தொடருக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கொடையாளர் தந்த ஆடுகளை இடையர் ஒருவர் ஏற்றுக்கொள்வார். ஈடாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளப்பார். செத்த ஆடு, கிழடுதட்டிய ஆடு ஆகியவற்றின் இடத்தை மந்தையில் பிறக்கும் குட்டிகள் நிரப்பும். கணக்கில் 96 என்றும் 96 ஆகவே நிற்கும். தனித்தனி ஆட்டுக்குச் சாவு உண்டு. அறக்கட்டளையின் முதலுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. இவ்வளவையும் நான்கு வரியில் சொல்லிவிடும் குறிப்பு ஒரு காலத்தின் பொருளியலையே வாசகர் முன் வைத்துவிடுகிறது. அகராதிப் பொருளை மட்டும் தரும் குறிப்பு, படிக்கத் தெரிந்தவரையும் புரியாதவராகவே விட்டுவிடுகிறது.

நூலில் வரும் சொல்லுக்கு விளக்கம் எழுதும் வழக்கத்தைத் தமிழில் அருஞ்சொற்பொருள், அரும்பதவுரை, பதவுரை, குறிப்புரை என்று பல பெயரால் வழங்குகிறோம். இலக்கியத்தில் மட்டுமல்ல, சட்டத்தில், மருத்துவத்தில், கல்வெட்டியலில், பள்ளிப் பாடநூலில் எல்லாம் இந்த வேலை நடக்கிறது. இதைச் சிறு வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு நூலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பதும், அதைப் படிக்கவிடாமல் செய்வதும் இந்தச் சிறு வேலைதான் என்பது என் கருத்து. எனவே இதன் நிறையையும் குறையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உரை காத்தவை

உரை மரபில் தமிழுக்குப் பெரும் செல்வம் உண்டு. நன்னூல் உரையைக் காண்டிகை, விருத்தி என்று வகைப்படுத்தி இலக்கணமே வகுத்துவிட்டது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடர் என்று உரைகாரர் வரிசையே இருக்கிறது. இந்த உரைகள் இல்லாவிட்டால் பல நூற்பாக்கள் இன்று வெறும் ஒலியாக மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும்.

சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். உ.வே.சாமிநாதையர் 1892இல் அதைப் பதிப்பித்தபோது இரண்டு பழைய உரைகளையும் சேர்த்தே அச்சிட்டார். ஒன்று, பெயர் தெரியாத ஆசிரியர் எழுதிய அரும்பதவுரை. மற்றொன்று அடியார்க்கு நல்லார் உரை. அரும்பதவுரை சுருக்கமானது; கடினமான சொற்களை மட்டும் தொட்டுச் செல்லும். அடியார்க்கு நல்லார் விரித்து எழுதுபவர். இசையும் கூத்தும் வரும் இடங்களில் தாம் எந்த நூல்களை ஆதாரமாகக் கொண்டார் என்பதையும் சொல்கிறார்: இசை நுணுக்கம், இந்திரகாளியம், பஞ்ச மரபு, பரத சேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல். பழைய இசைத்தமிழ், நாடகத்தமிழ் நூல்களில் பெரும்பகுதி அழிந்துபோன நிலையில் அவற்றின் பெயரையும் சில பகுதிகளையும் நமக்குக் காத்துத் தந்தவை இத்தகைய உரைகள்தான்.

இதனால் விளைந்த பயன் சாதாரணமானது அல்ல. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். பழந்தமிழ் இசையின் ஆயப்பாலை, வட்டப்பாலை ஆகிய முறைகளின் கணக்கைக் கொண்டு ஓர் இயக்கில், அதாவது ஒரு ஸ்தாயியில், 24 அலகுகள் என்று நிறுவ முயன்று, 22 சுருதிக் கொள்கையோடு வாதிட்டார். மட்டக்களப்பில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். இருவரின் முடிவுகளும் ஒன்றல்ல. ஆனால் இருவரும் கையில் எடுத்தது சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும்தான். அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் நரம்பு, பாலை, அலகு முதலான சொற்களுக்கு எழுதப்பட்ட குறிப்புகள் இல்லாமல் அந்த ஆராய்ச்சிகள் தொடங்கியே இருக்க முடியாது. எழுதியவர் எதிர்பார்க்காத பயனை ஒரு சொற்குறிப்பு நூற்றாண்டுகள் கழித்துத் தரக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

உரை இல்லாத நூலுக்கு என்ன நேரும் என்பதையும் நாம் அறிவோம். குறுந்தொகையில் 380 பாடல்களுக்குப் பேராசிரியரும் மீதி 20க்கு நச்சினார்க்கினியரும் எழுதிய உரை மறைந்துவிட்டது. புறநானூற்றின் பழைய உரை 266 பாடல்களோடு நின்றுவிடுகிறது. மணிமேகலைக்குப் பழைய உரையே கிடைக்கவில்லை. அதில் நிறைந்திருக்கும் பௌத்தச் சொற்கள் அன்றைய தமிழ்ப் புலவர்கள் பலருக்கும் பழக்கமில்லாதவை. சாமிநாதையர் பௌத்தம் அறிந்தவரான ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, தாமே அரும்பதவுரை எழுதி 1898இல் நூலை வெளியிட்டார். சைவ மரபில் வளர்ந்த ஒருவர் பௌத்தச் சொல்லுக்குப் பௌத்தர் கொண்ட பொருளைத் தேடிச் சென்ற அந்த நேர்மை, சொற்குறிப்பு எழுதும் எவருக்கும் முதல் பாடம்.

காரணம் சொல்லும் குறிப்பு

'முந்நீர்' என்ற ஒரு சொல்லை அருகில் வைத்துப் பார்ப்போம். இன்றைய கையேடுகளில் அதற்கு எதிரே 'கடல்' என்று இருக்கும். அவ்வளவுதான். ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூன்றும் சேர்வதால் முந்நீர் என்று விளக்கம் சொன்னவர்கள் பழங்காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். அடியார்க்கு நல்லார் அதை ஏற்கவில்லை. ஆற்றில் ஓடுவதும் மழைநீர்தான். அவை இல்லாவிட்டால் ஊற்றும் இல்லை. அப்படியிருக்க மூன்று நீர் என்று எப்படிப் பிரிப்பது என்று மறுக்கிறார். நிலம் தோன்றுவதற்கு முன்பே இருந்த நீர் என்ற விளக்கமும், படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்று தன்மை உடையது என்ற விளக்கமும் உரைகளில் உண்டு.

இவற்றில் எது சரி என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது உரையாசிரியர் நடந்துகொள்ளும் முறை. பிறர் கருத்தைச் சொல்கிறார், மறுப்புக்குக் காரணம் தருகிறார், பிறகு தம் முடிவை வைக்கிறார். வாசகர் அந்தக் காரணத்தை எடைபோட்டு ஏற்கலாம், தள்ளலாம். ஆசிரியர் முடிவு தவறாக இருந்தாலும் அதைத் திருத்துவதற்கான கருவியும் அந்தக் குறிப்புக்குள்ளேயே இருக்கிறது. 'முந்நீர் – கடல்' என்ற குறிப்பிடம் இப்படி எதையும் கேட்க முடியாது.

இந்த ஒற்றைச்சொல் வழக்கம் இன்னொரு சேதத்தையும் செய்கிறது. பரவை, ஆர்கலி, புணரி, பௌவம், அளக்கர், முந்நீர் எல்லாவற்றுக்கும் எதிரே 'கடல்' என்றே எழுதிக்கொண்டு போகிறோம். பரந்து கிடப்பது பரவை. பேரொலி எழுப்புவது ஆர்கலி. அமைதியான நெய்தல் காட்சியில் ஒரு சொல்லையும், கொந்தளிப்பில் இன்னொரு சொல்லையும் புலவர் தேர்ந்து வைத்திருந்தால், குறிப்பு அந்தத் தேர்வையே அழித்துவிடுகிறது. நிகண்டுகளுக்கு இது குறை ஆகாது. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் செய்யுள் இயற்றுவோர் மனப்பாடமாகச் சொல் எடுப்பதற்காக ஒரு பொருட்குப் பல பெயரைத் தொகுத்தன. படிப்பதற்கான குறிப்பை அதே அச்சில் வார்த்ததுதான் பிழை.

உரையின் மூன்று குறைகள்

பழைய உரைகள் எல்லாம் குறையற்றவை என்று நான் சொல்லவரவில்லை. முதல் குறை, தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது. 'ஒரு மரம்', 'ஒருவகைப் பறவை', 'ஒருவகை மீன்' என்ற குறிப்புகளைப் பழைய உரைகளிலும் புதிய பதிப்புகளிலும் எத்தனையோ இடங்களில் காணலாம். சொல் பறவையைக் குறிக்கிறது என்பது பாட்டின் அடியிலிருந்தே வாசகருக்குத் தெரிந்திருக்கும். அதையே திருப்பிச் சொல்வது விளக்கம் ஆகாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் எது எது என்று கண்டறியத் தமிழ்ப் புலமை மட்டும் போதாது. செடியைப் பார்த்த கண்ணும் வேண்டும். பி.எல். சாமி 1967இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' அந்த வேலையைத் தாவரவியல் அறிவோடு செய்தது. சங்கப் பாடலில் வரும் பூவின் நிறம், பூக்கும் பருவம், வளரும் நிலம் ஆகியவற்றை உண்மையான செடியோடு பொருத்திப் பார்ப்பது அவருடைய முறை. சொற்குறிப்பு எழுதுபவர் தம் துறைக்கு வெளியே கதவைத் தட்டியே ஆக வேண்டும் என்பதை அந்த நூல் காட்டிவிட்டது.

இரண்டாவது குறை, உரைகாரர் தம் காலத்தையும் கொள்கையையும் நூலுக்குள் ஏற்றிவிடுவது. பரிமேலழகர் திருக்குறள் உரைகாரர்களில் நுட்பம் மிக்கவர். சொல் நயத்தை அவரளவு கண்டவர் அரியர். ஆனால் அறம் என்ற சொல்லுக்கு அவர் தம் உரையின் முன்னுரையில் மனு முதலிய நூல்கள் விதித்ததும் விலக்கியதும் என்று எல்லை கட்டினார். வள்ளுவர் தம் நூலில் எங்கும் மனுவின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஒரு விளக்கம் பல நூற்றாண்டுகள் குறளைப் படித்தவர்கள் பார்வையை ஒரு பக்கமாகத் திருப்பியது; இருபதாம் நூற்றாண்டில் புதிய உரைகள் பெருகியதற்கு அதை மறுக்கும் தேவையும் ஒரு காரணம். மு.வரதராசனாரின் தெளிவுரை போன்றவை எளிய மக்களிடம் குறளைக் கொண்டுசேர்த்தன. ஆனால் புதிய உரைகளும் தங்கள் காலத்தின் கொள்கையை ஏற்றியே எழுதப்பட்டன என்பதை மறக்கக் கூடாது. கொள்கை இல்லாத உரைகாரர் இல்லை. தம் கொள்கையை நூலாசிரியரின் சொல்லாகக் காட்டாமல், தம்முடையது என்று பிரித்துக் காட்டும் உரைகாரரே நமக்குத் தேவை.

இதன் முற்றிய நிலையை ஐரோப்பியச் சட்ட வரலாற்றில் பார்க்கலாம். இத்தாலியின் பொலோஞாவில் ரோமானியச் சட்ட நூல்களுக்கு வரிகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் குறிப்பு எழுதிப் பாடம் சொன்னார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குர்சியஸ் என்பவர் கிட்டத்தட்ட 96,000 குறிப்புகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். நாளடைவில் குறிப்பு ஏற்காத எதையும் நீதிமன்றமும் ஏற்காது என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தொகுப்பு ஓங்கிவிட்டது. நூலைப் புரியவைக்க வந்த குறிப்பு, நூலின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

மூன்றாவது குறை, உரையே கடினமாகிவிடுவது. திருவாய்மொழிக்கு எழுந்த வைணவ உரைகளில் பெரியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதன் மணிப்பிரவாள நடை பிற்காலத்தாருக்குப் புரியாமல் போகவே, அந்த உரைக்கே ஜீயர் ஒருவர் அரும்பதவுரை எழுத நேர்ந்தது. இதை இழிவாகச் சொல்லவில்லை. ஒரு தலைமுறையின் எளிய சொல் அடுத்த தலைமுறையின் அருஞ்சொல். ஆகவே சொற்குறிப்பு ஒரு முறை எழுதி முடித்துவிடும் வேலை அல்ல. அறுபது ஆண்டுக்கு முந்திய பதிப்பின் குறிப்பை அப்படியே மறு அச்சு செய்வது பதிப்பாளர் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும்.

சட்டத்தில் குறிப்பே ஆணை

இலக்கியத்தில் குறிப்பு தவறினால் சுவை கெடும். சட்டத்தில் தவறினால் உரிமை கெடும். சட்டங்களின் தொடக்கத்தில் வரும் 'வரையறைகள்' பிரிவு சொல்லின் வழக்குப் பொருளைச் சொல்வதில்லை. இந்தச் சட்டத்துக்குள் இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள் என்று ஆணையிடுகிறது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் விலங்கு என்ற சொல் மனிதர் நீங்கலான எந்த உயிரினத்தையும் குறிக்கும். நம் பேச்சில் மீனையும் தேனீயையும் யாரும் விலங்கு என்பதில்லை. அந்தச் சட்டத்தில் அவையும் விலங்கே. அதன் இடத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே வரையறைதான்.

அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட வேண்டிய 'அரசு' எது என்று அது சொல்கிறது. நடுவண் அரசு, மாநில அரசுகள், நாடாளுமன்றம், சட்டமன்றங்கள், உள்ளாட்சி அமைப்புகள், பிற அதிகார அமைப்புகள் ஆகியவற்றை அது 'உள்ளடக்கும்' என்கிறது. 'இவை மட்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு வினைச்சொல் கதவைத் திறந்து வைத்தது. ராஜஸ்தான் மின்வாரியமும் அரசே என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. அஜய் ஹாசியா வழக்கில் 1980இல், பதிவு பெற்ற சங்கம் ஒன்று நடத்திய ஸ்ரீநகர்ப் பொறியியல் கல்லூரியும் அந்த வரையறைக்குள் வந்தது. மாணவர் சேர்க்கையில் சமத்துவம் கேட்கும் உரிமை இப்படி ஒரு சொல்லின் விளக்கத்தில் தங்கியிருக்கிறது. சட்ட வரைவாளர் மூடிய வரையறையையும் திறந்த வரையறையையும் வேறுபடுத்தி எழுதும் ஒழுக்கத்தை இலக்கியக் குறிப்பாளரும் கற்றுக்கொள்ளலாம்: இந்தப் பொருள் இந்த இடத்துக்கு மட்டுமா, நூல் முழுதுக்குமா என்று ஒரு சொல்லில் காட்டிவிட முடியும்.

மருந்தில் பிழைக்கு இடமில்லை

சித்த மருத்துவ நூல்களில் சொற்குறிப்பின் பொறுப்பு உடம்போடு சம்பந்தப்பட்டது. பாடல்களில் மறைபொருளாக எழுதும் பரிபாஷை வழக்கம் அங்கே உண்டு. வெளிப்படையாக எழுதிய பெயரிலும் சிக்கல் வரும். கரிசலாங்கண்ணிக்குக் கரிசாலை, கையாந்தகரை என்றெல்லாம் பெயர். வெள்ளைப் பூ பூப்பது ஒன்று, மஞ்சள் பூ பூப்பது ஒன்று; தாவரவியலில் அவை வேறு வேறு செடிகள். 'கையாந்தகரை – கரிசலாங்கண்ணி' என்று மட்டும் எழுதும் பதிப்பு, மருந்து செய்பவர் எந்தச் செடியைப் பறிப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. பலம், கழஞ்சு, வராகனெடை போன்ற அளவுகளுக்கும் இதே நிலைதான். பலம் என்பதை இன்று 35 கிராம் என்று கொள்கிறார்கள். பழைய சுவடியில் வரும் அளவு எந்த வட்டாரத்துக்கு உரியது என்று பார்க்காமல் கிராமாக மாற்றி அச்சிடுவது ஆபத்தானது.

காவல்துறையில் பணிபுரிந்த டி.வி. சாம்பசிவம் பிள்ளை தம் வாழ்நாளைச் செலவிட்டு உருவாக்கிய மருத்துவ அகராதி இந்தத் துறையில் பெரும் சாதனை. மருத்துவச் சொல்லுக்குத் தமிழ் விளக்கத்தோடு தாவரவியல் பெயரையும் இணைத்துத் தர அவர் முயன்றார். பெயர் மாறினாலும் பொருள் மாறாதபடி கட்டிவைக்கும் அந்த வழியைத்தான் இன்றைய பதிப்பாளர்கள் பின்பற்ற வேண்டும்.

யாருக்கு எது அருஞ்சொல்?

எந்தச் சொல்லுக்குக் குறிப்பு எழுதுகிறோம் என்பதிலும் ஒரு முடிவு மறைந்திருக்கிறது. கரிசல் நாட்டுச் சொல்லுக்கு அடிக்குறிப்பு போடுகிறோம்; சென்னைப் பத்திரிகைச் சொல்லுக்குப் போடுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கதை தமிழகத்தில் அச்சாகும்போது பின்னிணைப்பாகச் சொற்பட்டியல் வருகிறது. தமிழகத்துக் கதை அங்கே போகும்போது அப்படி எதுவும் போவதில்லை. இதனால் ஒரு வட்டாரம் மட்டும் பொதுத்தமிழ் போலவும், மற்றவை விளக்கம் தேவைப்படும் தமிழ் போலவும் தோற்றம் வந்துவிடுகிறது. கி.ராஜநாராயணன் இதை வேறு வழியில் எதிர்கொண்டார். மன்னிப்புக் கேட்கும் தொனியில் அடிக்குறிப்பு போடாமல், 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியையே தொகுத்துத் தந்தார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களுக்கு அப்படி ஒன்றைச் செய்தார். இவை வாசகருக்கு உதவியாக இருப்பதோடு, அந்தச் சொற்களைப் பேசும் மக்களுக்கு மரியாதையாகவும் அமைந்தன.

வகுப்பறையில் செய்ய வேண்டியது

பெரும்பாலான தமிழர் சொற்குறிப்பை முதலில் சந்திப்பது பாடநூலில்தான். 'சொல்லும் பொருளும்' பகுதி அங்கே இருப்பது நல்லது. அது இல்லாமல் பழம்பாடலை மாணவர் நெருங்க முடியாது. கெடுதல் தேர்வில் தொடங்குகிறது. சொல்லைத் தனியே பிடுங்கிக் கொடுத்து எதிரே பொருள் எழுதச் சொல்லும்போது, பாட்டைப் படிக்காமலேயே முழு மதிப்பெண் வாங்கலாம். குறிப்பு பாட்டுக்குப் போகும் வழியாக இருந்தது போய், பாட்டைத் தவிர்க்கும் வழியாகிவிடுகிறது. திரையில் சொல்லைத் தொட்டால் அகராதியின் முதல் பொருளை எடுத்துக்காட்டும் புதிய வசதிகளும் இதே பழக்கத்தைத்தான் வளர்க்கின்றன.

மாற்றுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு உரைகாரர் தந்த இரண்டு பொருளையும் கொடுத்து, இந்தப் பாட்டில் எது பொருந்துகிறது, ஏன் என்று கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவரால் அதற்குப் பதில் சொல்ல முடியும். அந்த ஒரு கேள்வி மாணவரைப் பாட்டுக்குள் திருப்பி அனுப்பும்.

பதிப்பாளர்களுக்கும் மூன்று கோரிக்கைகள். ஒவ்வொரு குறிப்பும் அந்த இடத்துப் பொருளைச் சொல்ல வேண்டும். அகராதியில் உள்ள எல்லாப் பொருளையும் கொட்டக் கூடாது. பொருளுக்கு ஆதாரம் எது – பழைய உரையா, கல்வெட்டா, இன்றைய வழக்கா, ஊகமா – என்று ஒரு குறியீட்டாலாவது காட்ட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்த ஆறு தொகுதிகளிலும் பொருளோடு ஆட்சி இடத்தைக் காட்டியிருக்கிறது. நூறாண்டுக்கு முன் முடிந்தது இன்று முடியாதா? மூன்றாவதாக, பொருள் விளங்காத சொல்லுக்கு 'விளங்கவில்லை' என்று எழுதத் துணிய வேண்டும். அந்த ஒப்புதல் அடுத்து வரும் ஆய்வாளருக்கு வேலை எங்கே மிச்சமிருக்கிறது என்று காட்டும். பொய்யான 'ஒருவகைப் பறவை' அந்த வேலையை முடிந்ததாகக் காட்டி மறைத்துவிடும்.

சொற்குறிப்பு எழுதுவோரின் பெயரை நாம் பெரும்பாலும் நினைவில் வைப்பதில்லை. சிலப்பதிகார அரும்பதவுரைகாரரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆயினும் இளங்கோவடிகளின் இசைச் சொற்களை இன்று நாம் விவாதிக்க முடிவது அவரைப் போன்றவர்களால்தான். அந்த உழைப்புக்கு உரிய மரியாதை, அதைக் கேள்வி கேட்டுப் படிப்பதும், நம் காலத்துக்கான குறிப்பை அதே கவனத்தோடு நாம் எழுதுவதுமே.